பற்றாசும் பதனிட்ட தோலும்

ஒரு பொருள் செய்யப்படுவதற்கு முன் எங்கே இருந்தது என்னும் வினாவில்தான் இந்தியச் சமயங்களின் காரண காரிய ஆராய்ச்சி தொடங்குகிறது. இல்லாதது தோன்றாது, ஆகவே குடம் மண்ணில் முன்பே நுண்ணிலையில் இருந்தது என்று சாங்கியமும் சைவ சித்தாந்தமும் கொள்கின்றன. இக்கொள்கைக்குச் சற்காரியவாதம் என்று பெயர். முன்பு இல்லாத குடம் ஓடுகளின் சேர்க்கையால் புதிதாகப் பிறக்கிறது என்பது நியாய வைசேடிகரின் கொள்கை. அது அசற்காரியவாதம் அல்லது ஆரம்பவாதம் எனப்படும். பௌத்தரோ, அச்சுக்கும் உருளைக்கும் நுகத்துக்கும் சேர்த்து இட்டு வழங்கும் பெயரே ‘தேர்’, அவற்றுக்கு மேலாகத் தேர் என்று தனியே ஒன்று இல்லை என நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கியதைத் தம் முடிவாகக் கொண்டனர். குடமும் ஆடையும் தேரும் இச்சமயங்களின் நூல்களுக்குப் போதுமான எடுத்துக்காட்டுகளாக இருந்தன. ஆயினும், உலோகத் தகடுகளைப் பற்றவைத்து நீராவி எஞ்சினின் சிற்றுருவை ஆக்கும் கைவேலை அவற்றைவிடக் கூர்மையாக இவ்வினாவை எழுப்புகிறது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் தோல் தொட்டிகள் அதே வினாவை வேறொரு திசையிலிருந்து எழுப்புகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘செய்தல்’ என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு செயல்கள் அடங்கிக் கிடப்பது தெரியவரும்.

சிற்றுருவுக்கான பெட்டியைத் திறப்பவர் காண்பது எஞ்சினை அன்று, சில தட்டையான தகடுகளையே. அவற்றுள் சில பித்தளை. சில, ‘நிக்கல் சில்வர்’ என்று பெயர் பெற்றும் வெள்ளி சிறிதும் கலவாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. ஒவ்வோர் உறுப்பின் விளிம்பும் அமிலத்தால் அரிக்கப்பட்டு, மெல்லிய காம்புகளால் மட்டும் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மடிக்க வேண்டிய இடத்தில் தகட்டின் பாதிக் கனம் மட்டும் அரிக்கப்பட்டு ஒரு பள்ளக்கோடு ஓடும். அக்கோட்டின் வழியே மடித்தால் ஓட்டுநர் நிற்கும் அறை எழும், நிலக்கரித் தொட்டி எழும். பின்புறத்தில் புள்ளிகளாக அரிக்கப்பட்ட குழிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக அழுத்த, முன்புறத்தில் தறையாணித் தலைகள் வரிசையாகப் புடைக்கும். புகைபோக்கியும் கொதிகலன் மேலுள்ள குவிமாடமும் எளிதில் உருகும் வெள்ளைக் கலவை உலோகத்தில் வார்க்கப்பட்டுத் தனியே கிடக்கும்.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டு, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. ஐந்தரை அடி அகலமுள்ள அந்தப் பாதை, ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் சுருங்கும்போது 22 மில்லிமீட்டர் ஆகிறது. அதே அளவில் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிரிட்டிஷ் சிற்றுருத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. ஆகவே இப்பாதையில் ஓடிய எஞ்சின் ஒன்றைச் செய்ய விழைபவர், பிறர் வகுத்த சட்டத்தையும் அச்சையும் அப்படியே ஏற்க இயலாமல், தாமே அளந்து வெட்டிக்கொள்ள வேண்டியவராகிறார்.

சித்தாந்தம் மண்ணை முதற்காரணம் என்றும், தண்டசக்கரத்தைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்தகாரணம் என்றும் பகுத்து, அதே முறையில் மாயையை முதலாகவும் சத்தியைத் துணையாகவும் இறைவனை நிமித்தமாகவும் வைத்து உலகத் தோற்றத்தை விளக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இம்முறையை விரித்துரைக்கும் நூல்களுள் தலையாயது. மாயை உலகாக விரிவதிலும் சித்தாந்த உரைமரபு இருவகை காண்கிறது: துணி தன் இயல்பு கெடாமல் கூடாரமாக மடிவது போன்றது விருத்தி, பால் தயிராவது போல இயல்பே திரிவது பரிணாமம். தகடு எஞ்சினாவதைவிட விருத்திக்குப் பொருத்தமான சான்று வேண்டாம் என்று சொல்லலாம். பித்தளை பித்தளையாகவே இருக்கிறது, மடிகிறது, அவ்வளவே. எனினும், மடிவதற்கான கோடு தகட்டில் முன்பே ஓடுகிறது என்பதை இங்கே கருத வேண்டும். எஞ்சின் உலோகத்தில் இருந்தது என்பதைவிட, எங்கோ இருந்த வரைவாளர் ஒருவரின் அறிவிலிருந்து அக்கோடாக இறங்கி அங்கே காத்திருந்தது என்பதே பொருந்தும். அப்படியானால் மேசைமுன் அமர்ந்து மடிப்பவர் நிமித்தகாரணர் அல்லர். வெறும் கருவியும் அல்லர். கொடுக்கப்பட்டதைக் கொடுக்கப்பட்ட வழியில், ஆனால் தம் கண்ணாலும் கையாலும் நிறைவேற்றுபவர் என்னும் அந்த இடைநிலை, மனிதன் செய்யும் எல்லாச் செயலுக்கும் உரிய நிலையாகச் சமயங்கள் கருதுவதற்கு மிக அருகில் இருக்கிறது.

மடித்தவை பிரியாமல் நிற்கப் பற்றவைப்பு வேண்டும். பற்றவைக்கும் உலோகத்துக்குப் பொற்கொல்லர் வழங்கும் சொல் பற்றாசு. துரு நீக்கிப் பற்றாசு ஓட வழிசெய்ய அவர்கள் இடுவது வெண்காரம். ஆம்பூரில் பிரியாணி வேகும் செம்புத் தேக்சாவுக்கு ஈயம் பூசுபவர், பாத்திரத்தைச் சுட்டு, நவச்சாரப் பொடி தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் வழித்து ஒளிரச் செய்வதும் இதே வேதியியல்தான். சிற்றுரு வேலையில் துரு நீக்கும் திரவத்தை இணைப்பில் தொட்டுவைத்துச் சூட்டுக்கோலை அணைத்தால், அதுவரை உருண்டு நின்ற பற்றாசு திடீரென்று தளர்ந்து, தகடுகளுக்கிடையே மயிரிழை இடைவெளியில் நீர்போல ஓடி மறுபுறத்தில் வெள்ளிக் கோடாகத் தெரியும். நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் சேர்ந்த பற்றாசு சுமார் 188 பாகை செல்சியஸில் முழுதும் உருகும். அந்தச் சூட்டுக்கோலை வார்ப்புப் புகைபோக்கியில் வைத்தால் புகைபோக்கியே கரைந்துபோகும் என்பதால், அதற்கு 70 பாகையில், அதாவது வெந்நீரிலேயே உருகும் வேறொரு பற்றாசு வேண்டும். அதிகச் சூட்டில் உருகுவதை முதலிலும் குறைந்த சூட்டில் உருகுவதைப் பின்னும் இட்டால்தான் முந்தைய இணைப்பு பிந்தைய வேலையில் அவிழாது.

தமிழ் யாப்பிலக்கணம் இந்தத் தொழிலை நன்கு அறிந்திருந்தது. முதற் குறட்பாவும் தனிச்சொல்லும் ஓசை பிளந்து நிற்கும்போது அவற்றை இணைக்க இடையே இடும் ஓரசையையும் ஈரசையையும் ‘ஆசு’ என்றும், அவ்வாறு அமைந்த பாடலை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் அது வழங்குகிறது; உலோகத் துண்டுகளைச் சேர்க்கும் பற்றாசே அப்பெயருக்கு மூலம். குறளும் தனிச்சொல்லும் அசையும் இருக்க, வெண்பா என்ற ஒன்று அவற்றுக்கு மேலாக உண்டா, இல்லையா? செவியுள்ளவர் உண்டு என்றே சொல்வர். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம் போன்ற நூல்கள் விளக்கும் நியாய நெறியும் உண்டு என்கிறது: பிரிக்கத்தக்க சேர்க்கை சையோகம், பிரிவின்றி ஒன்றில் ஒன்று தங்கும் உறவு சமவாயம். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ளது சையோகம். எஞ்சின் என்னும் முழுப்பொருளாகிய அவயவி தன் உறுப்புகளில் தங்குவது சமவாயத்தால். சையோகம் அழிந்தால் அவயவியும் அழியும் என்பதை நியாயமே ஒப்புகிறது. முடிந்த சிற்றுருவை மீண்டும் சூடேற்றினால் பற்றாசு இளகும், தகடுகள் பிரியும், எஞ்சின் இராது. தகட்டுக்கோ ஒரு குறையும் நேர்ந்திராது.

தோல் அப்படியன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதனிட்ட பழைய முறையிலும் சரி, குரோமிய உப்பால் பதனிடும் இன்றைய முறையிலும் சரி, நடப்பது மடித்தலோ ஒட்டுதலோ அன்று. பதனிடும் பொருள் தோலின் நார்ப்புரதத்துக்குள் புகுந்து அதனோடு பிணைகிறது. 60 பாகையைச் சற்றுத் தாண்டிய சூட்டிலேயே சுருங்கிவிடும் பச்சைத் தோல், குரோமியத்தால் பதனிட்டபின் ஏறத்தாழக் கொதிநீர்ச் சூட்டையும் தாங்குகிறது. அழுகும் இயல்பு போய்விடுகிறது. இது பால் தயிராகும் பரிணாமம். எந்தச் சூட்டுக்கோலும் அதைப் பச்சைத் தோலாகத் திருப்பித் தராது. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தலைமுறைகளாக இதைச் செய்து பழகிய கைகளுக்கு, திரும்பாத செயல் என்றால் என்ன என்பது ஏட்டுப் பாடமாக இருக்க முடியாது. திரும்பாமை தோலோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழிவுநீர் பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் வயல்களிலும் இறங்கியதும் அதே வகைச் செயலே. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஈடு செய்யலாம்; மண்ணைப் பழையபடி மடித்துவைக்க இயலாது. வினை என்று சமயங்கள் அஞ்சிச் சொல்வது சையோக வகையைச் சேர்ந்ததன்று, பரிணாம வகையைச் சேர்ந்தது என்பதற்கு இந்த ஆறு போதிய சான்று.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது மடித்தலிலும் அடங்காது, திரிதலிலும் அடங்காது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, 1909இல் பணி ஓய்ந்து, நூறாண்டுக் காலம் காட்சிப்பொருளாக நின்ற இஐஆர் 21 என்னும் எஞ்சின், பெரம்பூர்ப் பணிமனையில் காணாமற்போன உறுப்புகள் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டு 2010இல் மீண்டும் ஆவி பறக்க ஓடியது. புதிய உறுப்புகளால் அது வேறு எஞ்சினாயிற்றா என்று கேட்பது எளிது. ஓடாமல் நின்ற நூறாண்டில் அது எஞ்சினாக இருந்ததா என்பதே கடினமான கேள்வி. சிற்றுருவில் இது இன்னும் நெருக்கமாகத் தைக்கும். பற்றவைத்த பித்தளை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் கொதிகலனுக்குள் நீர் இல்லை, நெருப்பு இல்லை. ஒரு சிறு மின்மோட்டாரே இருக்கிறது. உண்மையான ஆவியில் ஓடும் சிற்றுருவுக்கு 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசால் செப்புக் கொதிகலன் கட்ட வேண்டும். ஈயப் பற்றாசால் கட்டிய கொதிகலனில் நீர் வற்றிய கணத்தில் இணைப்பு விட்டுப்போகும்.

வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடச் சிவப்பு பிறப்பது போலப் பூதங்கள் கூட உணர்வு பிறக்கிறது என்றனர் உலகாயதர். சித்தாந்தம் அதை மறுத்து, உடலைக் கூட்டுவது வேறு, அதில் உயிர் நிற்பது வேறு என்றது. ஆம்பூரின் இஸ்லாமிய மரபும் இந்த எல்லையை மிகக் கவனமாகக் காக்கிறது: உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்தவர் மறுமையில் அதற்கு உயிர் ஊதும்படி ஏவப்படுவார், அவரால் அது ஆகாது என்னும் பொருள்பட நபிமொழி ஒன்று உண்டு; மரத்தையும் உயிரற்ற பொருளையும் உருவாக்குவதற்குத் தடை இல்லை. எஞ்சின் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் முதன்முறையாக ஆவி ஏறி உருளை அசையும்போது, அதைச் செய்தவரின் வாயிலிருந்து ‘உயிர் வந்துவிட்டது’ என்ற சொல்லே இயல்பாக வருகிறது.

வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இன்றி நின்றது. கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரைகளும் யாளிகளும் தாவிக்கொண்டே இருந்தன. கோபுரம் இருந்தது, கருவறை இருந்தது, சிற்பிகள் கூட்டிய எந்த உறுப்பும் அதன் வடிவுக்குக் குறையவில்லை. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தபோது, தூணோ கல்லோ ஒன்றும் மாறவில்லை. மறுநாள் காலை ஊர் மக்கள் கற்பூரமும் பூவும் வாங்கிக்கொண்டு அகழியைத் தாண்டி உள்ளே போனார்கள்.