வெள்ளிக் கம்பியும் செவியின் வாய்மையும்

இசைக்கருவியில் எழும் ஒலி, ஒலிபெருக்கியை அடையுமுன் ஒரு கம்பியின் வழியே செல்கிறது. அக்கம்பி செம்பாக இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம். விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒலியிலும் அத்தகைய வேறுபாடு உண்டோ? கடைத்தெருவில் பிறக்கும் இவ்வினா, மனித மனத்தின் வாய்மையைப் பற்றிய வினாவாக வளர்வதைக் காண்கிறோம்.

உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. ஆயினும் அது செம்பை விஞ்சுவது ஏறத்தாழ 6 விழுக்காடுதான். செம்புக் கம்பியைச் சற்றே தடிப்பாக்கினால் அக்குறை நீங்கிவிடும். இணைப்பு முனைகளில் பூசப்படும் தங்கமோ செம்பினும் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். களிம்பேறாமையே அதன் சிறப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது செம்பு கிட்டாமையால், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆலையில் மின்காந்தச் சுருள்களுக்காகக் கருவூலத்தின் வெள்ளி 13,000 டன்னுக்கு மேல் கடனாகப் பெறப்பட்டது. அதன் கடைசிப் பகுதி 1970-இல் கருவூலத்துக்குத் திரும்பியது. அங்கே வெள்ளி பெருமைக்காக வரவில்லை. செம்பின் வேலையைச் செய்யவே வந்தது.

எனினும், வெள்ளிக் கம்பி வாங்கியவர் ‘ஒலி தெளிந்தது’ என்கிறார். அவர் பொய்யுரைக்கிறார் எனக் கூற நாம் துணியோம். செவி தனித்துக் கேட்பதில்லை. எதிர்பார்ப்பும் உடனிருந்து கேட்கிறது. எனவேதான், எந்தக் கம்பி என்பதை மறைத்து வைத்துக் கேட்கச் செய்யும் சோதனை வேண்டப்படுகிறது.

‘அவருக்கு இன்பம் கிடைக்கிறதே, அதில் தீங்கு என்ன?’ என்று கேட்கலாம். தம் பொருளில் தாம் மகிழ்வது தீங்கன்று. வெள்ளியின் அழகுக்காக அதை வாங்குவதும் குற்றமன்று. அதை அழகு என்றே சொன்னால் போதும். ஆனால், அறிந்தே மிகைபேசி விற்பவர் பிறரது நம்பிக்கையைக் களவாடுகிறார். வேறுபாடு கேளாதவரோ, தம் செவி தாழ்ந்தது எனக் கருதப்படுமோ என்றஞ்சி, ‘ஆம், கேட்கிறது’ எனத் தலையசைக்கிறார். இவ்வாறு ஒருவரது மயக்கம் மற்றவரது பொய்யாகிறது. இசையைக் கேட்க அமர்ந்தவர்களும் இறுதியில் கம்பியையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பியில் மட்டுமா இது நிகழ்கிறது? விலையுயர்ந்தது என்பதற்காகவே ஒன்றை வியக்கும் அவைகளில் நாம் பலமுறை அமர்ந்திருக்கிறோம். அங்கே, ‘எனக்கு வேறுபாடு தெரியவில்லை’ என்று பணிவோடு சொல்லும் துணிவே நாம் தேடவேண்டிய செல்வம். அதற்கு விலை இல்லை. எனினும், அது எளிதில் வாய்ப்பதும் இல்லை.