காட்சியும் களவும்

கொலையும் களவும் பொய்யும் தீயன என்பதை யாவரும் ஒப்புவர். அவற்றைக் குறித்துப் பேசுதல் எளிது. குற்றமற்றது என்று எல்லோரும் கருதும் ஒரு செயலுக்குள்ளே தீமை எவ்வழியாக நுழைகின்றது என்பதைக் காண்பதுதான் அரிது. அத்தகைய செயல் ஒன்றை இங்கே ஆராயப் புகுகின்றோம். பறவைகளைக் காணச் செல்லுதலும் அவற்றைப் படம் பிடித்தலுமே அச்செயல்.

எமது பெங்களூர் நகரில் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் மழை சற்று ஓய்ந்த காலை வேளைகளில், முதியோரும் இளைஞரும் குழுக்களாகப் புறப்பட்டுத் தோட்டங்களையும் ஏரிக்கரைகளையும் நாடுகின்றனர். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், ஹெப்பாள் ஏரி, ஹெசரகட்டா ஏரி முதலியன அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்கள். 1972இல் ஜோசப் ஜார்ஜ் முதலிய அன்பர்கள் பறவை நோக்குவோர் கழகம் ஒன்றை நிறுவி, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் லால்பாக்கில் கூடும் நல்வழக்கத்தை ஏற்படுத்தினர்.

இப்பருவத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வடநாடுகளில் குளிர் மூளத் தொடங்கியதும் இரை குறைகின்றது. ஆகவே இமயத்திலிருந்து வாலாட்டிக் குருவிகளும், அதற்கும் அப்பாலுள்ள நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வாத்துகளும் தெற்கே வருகின்றன. மங்கோலியா, திபெத்து ஏரிகளில் குஞ்சு பொரித்த வரித்தலை வாத்துகள் இமய மலையையே தாண்டிக் கர்நாடக ஏரிகளில் வந்து இறங்குகின்றன. இவற்றுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதற்கு இப்பெயர் வந்தது. அது இமயத்து அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி வாழ்ந்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் இரவு நேரங்களில் பறந்து செல்வது. வழியில் களைப்புற்றுப் பெங்களூர் வீட்டுத் தோட்டங்களில் அது விழுந்து கிடப்பதும் உண்டு.

யாம் இளமை முழுவதையும் பஞ்சாலையில் கழித்தோம். ஆறு மணிக்கு ஊதும் ஆலைச் சங்கை அறிந்திருந்தோமேயன்றி, அதே ஆறு மணிக்குக் கூவும் ஒரு பறவை உண்டென்பதை அறிந்திலோம். ஐம்பதாவது வயதை நெருங்கிய பின்னரே இவ்வின்பம் எமக்குக் கிட்டியது. அதனாலேயே பின்வரும் நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில் எம் சங்கத்து இளைஞர் சிலரோடு லால்பாக் சென்றிருந்தோம். மூங்கிற் புதரின் அடியில் ஆறுமணிக் குருவி ஒன்று சருகுகளைப் புரட்டி இரை தேடிக்கொண்டிருந்தது. இளைஞர் ஒருவர் காமிராவை நீட்டி நெடுநேரம் காத்திருந்தார். குருவியோ நிழலைவிட்டு வெளிவரவில்லை. அவருடைய ஏக்கத்தைக் கண்டு இரங்கிய யாம், ஒரு சிறு கல்லை எடுத்துப் புதருக்கு அப்பால் எறிந்தோம். குருவி வெருண்டு வெயிலில் தத்திற்று. படம் விழுந்தது. மறுகணம் பறந்து போயிற்று. அன்று அதனை மீண்டும் காணவில்லை. உடனிருந்தோர் யாவரும் எம்மைப் பாராட்டினர். அப்படம் பெரிதாக்கப்பட்டு மன்றத்துச் சுவரில் மாட்டப்பட்டது.

ஒரு ஞாயிறன்று, வகுப்புக்கு வந்த சிறுமி ஒருத்தி அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இது ஏன் பயந்துபோய் நிற்குது?” என்று கேட்டாள். யாம் விடை கூறவில்லை. அன்று மாலை யாமே அப்படத்தைக் கழற்றி வைத்தோம்.

யாம் செய்த பிழை யாது? குருவியைக் கொன்றோமில்லை. கல் அதன்மேல் படவுமில்லை. ஆயினும், நூற்றுக்கணக்கான மைல்கள் பறந்து உடற்கொழுப்பைச் செலவிட்டு வந்த சிறு உயிர், மேலும் பறப்பதற்கு வேண்டிய வலிமையை அச்சருகுகளுக்கிடையே கிடைத்த புழு பூச்சிகளிலிருந்துதான் தேடிக்கொண்டிருந்தது. அதன் உணவு வேளையை யாம் பறித்தோம். கொடுக்கப்படாததைக் கொள்ளாமை நமது இரண்டாவது சீலம். பொன்னும் பொருளும் மட்டுமே களவுக்குரியன என்று எண்ணியிருந்த எமக்கு, ஒரு பறவையின் அமைதியும் களவாடப்படக் கூடியதே என்பது அப்போது விளங்கிற்று.

இந்நாளில் வேறொரு முறையும் பரவியுள்ளது. கைப்பேசியில் பறவையின் குரலைப் பதிந்து வைத்து, காட்டோரத்தில் ஒலிக்கச் செய்கின்றனர். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று நம்பி, பறவை இரையை விடுத்து ஓடிவருகின்றது. அங்கே பகைவனும் இல்லை, துணையும் இல்லை. பொய் என்பது மனிதரின் செவிக்குச் சொல்லப்படுவது மட்டுந்தானா? நம்பி வந்த உயிரை ஏமாற்றும் ஓசை எதுவாயினும் அது பொய்யே என்பது எம் துணிபு.

நாட்டின் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், கொல்லுதலோடு நில்லாமல், விலங்கை விரட்டுதலையும், இரை வைத்து ஈர்த்தலையும், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைத்துத் தொல்லை செய்தலையும் சேர்த்துள்ளது. கையில் துப்பாக்கி இல்லை என்பதால் ஒருவன் வேட்டைக்காரன் அல்லன் என்று ஆகிவிடாது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். “படங்களைக் கண்டல்லவோ மக்கள் பறவைகளிடம் அன்பு கொள்கின்றனர்? அவ்வன்பினால் ஏரிகள் காக்கப்படுமாயின், ஒரு குருவியின் சிறு துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாகாதா?” என்பது அது. இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. படங்களால் விளைந்த நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நன்மைக்கு விலை கொடுப்பவர் யார்? படம் எடுப்பவர் கொடுப்பதில்லை, பார்ப்பவரும் கொடுப்பதில்லை. தன்னைக் கேளாமலே தன்மீது சுமத்தப்பட்ட விலையைக் கொடுப்பது குருவி. ஒருவர் தம் பொருளை ஈந்தால் அது தானம். பிறர் பொருளை எடுத்து ஈந்துவிட்டுத் தானம் என்று பெயரிடலாகாது.

பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) போன்ற புகழ்பெற்ற கானுயிர்ப் படக்கலைஞர்கள் படச்சுருள் காலத்தில் பயின்றவர்கள். ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாகும். அருமை கருதியே காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய காமிராவோ ஒரு நொடியில் பத்துக்கு மேற்பட்ட படங்களை எடுக்கின்றது. கருவி கற்பித்த பொறுமை போய்விட்டது. இனி அதனை நமது சீலமே கற்பிக்க வேண்டும்.

அதனைக் கற்பதற்கு, காமிரா அறியாத மக்களிடம் செல்லலாம். மாண்டியா மாவட்டத்துக் கொக்கரெபெள்ளூர் சிற்றூரில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வீட்டருகிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அதனால் புளி விளைச்சல் குறைந்தாலும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயத்திற்கு வரும் பறவைகள் அஞ்சுமே என்று, பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் அவ்வின்பத்தை விட்டுக்கொடுக்கின்றனர். இவ்விரண்டு ஊர்களிலும் விலையைக் கொடுப்பவர் மனிதரே. பறவையிடம் கேட்கப்படுவது ஒன்றுமில்லை.

பகவான் காலத்தில் பிக்குகள் மழைக்காலத்திலும் ஊர் ஊராகத் திரிந்தமையால், பசும்புல்லும் சிற்றுயிர்களும் மிதிபட்டன. பறவைகளுங்கூட மழைக்குக் கூடு கட்டி ஓரிடத்தில் தங்குகின்றனவே என்று மக்கள் குறை கூறினர். அக்குறையைக் கேட்டே பகவான் மூன்று மாத மழைக்கால வாசத்தை விதித்தார் என விநய நூல் கூறும். அறம் தேடி நடக்கும் காலும் எங்கே வைக்கப்படுகின்றது என்று பார்க்கப்பட வேண்டும் என்பதே இதன் கருத்து. அழகு தேடி நடக்கும் காலுக்கு மட்டும் விலக்கு உண்டோ?

பிக்கு பாத்திரத்தை ஏந்தி வாயிலில் மௌனமாக நிற்கின்றார். இட்டதை ஏற்கின்றார், இடாவிடில் மனம் நோகாமல் அடுத்த வாயிலுக்குச் செல்கின்றார். காமிராவை ஏந்துபவரும் அவ்வாறே நிற்கலாம். பறவை தானாக வெளிச்சத்திற்கு வருமாயின் அப்படம் கொடுக்கப்பட்டது. வாராதாயின் கண்ட அளவே போதும். கூட்டருகில் செல்லாதிருத்தல், குரலொலி எழுப்பாதிருத்தல், பறவை தலை நிமிர்த்தி நம்மை நோக்கியதும் பின்வாங்குதல் ஆகிய மூன்றையும் எம் இளைஞர் இப்போது கைக்கொள்கின்றனர். வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் மிகுந்துள்ளன. அதுபற்றி எவரும் குறை கூறவில்லை.

மழைக்கால வாசம் முடியும் பௌர்ணமியன்று, தம்மிடம் கண்ட குற்றத்தையும், கேட்ட குற்றத்தையும், ஐயுற்ற குற்றத்தையும் எடுத்துச் சொல்லுமாறு பிக்குகள் ஒருவரையொருவர் வேண்டிக்கொள்வர். அதற்குப் பவாரணை என்று பெயர். ஆறுமணிக் குருவி நம் ஊருக்கு வருவதும் ஏறக்குறைய அந்நாட்களில்தான். கல்லெறிந்த கை எமது கை என்பதை நேயர்கள் முன் இதனால் ஒப்புக்கொள்கின்றோம். மன்றத்துச் சுவரில் அப்படம் இருந்த ஆணி இன்னும் இருக்கின்றது. அதில் வேறொன்றையும் மாட்டவில்லை.