பிரார்த்தனையும் அயலவனும்

யுத்த காலத்திற் சமாதானத்தை வேண்டிப் பிரார்த்திக்காத மதம் எதுவுமில்லை. பீரங்கிகளை ஆசீர்வதித்த கைகளே சமாதானத்துக்காகவும் குவிந்தன. ஆகவே, பிரார்த்தனை என்றதும் முற்போக்காளராகிய நாம் முகஞ்சுளிப்பது இயல்பே. எனினும் பிரான்சின் மலைக்கிராமமொன்று நம் தீர்ப்பை மீண்டும் ஆராயச் செய்கின்றது.

லெ ஷம்போன் அதன் பெயர். மக்களிற் பெரும்பாலார் புரட்டஸ்தாந்தினர். 1685க்குப் பின் மதத்தின் பெயரால் வேட்டையாடப்பட்டோரின் வழிவந்தவர்கள். 1940 ஜூன் 22இல் பிரான்சு ஜேர்மனியிடம் பணிந்தது. மறுநாள் ஞாயிறு வழிபாட்டில், கொடுமைக்கு ஆயுதமின்றியே பணிய மறுக்குமாறு போதகர்கள் அந்திரே துரொக்மேயும் எதுவார் தேயும் போதித்தனர்.

போதிப்பது எளிது. அக்குளிர்காலத்தில் ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்ணொருத்தி போதகர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மக்டா துரொக்மே அவளை உள்ளே அழைத்து உணவளித்தார். பின்பு உதவி நாடிக் கிராமத் தலைவரிடம் சென்றார். அவரோ அவளை அனுப்பிவிடுமாறு கூறினார். அவர் கொடியவரல்லர், தம் ஊரவரின் பாதுகாப்பையே எண்ணினார். நம்மிற் பலர் சமாதானம் என்று வேண்டுவதும் அதைத்தானே! அப்பெண் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அதன்பின் மக்டா எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

1942 ஆகஸ்டில் விஷி அரசின் அமைச்சரொருவர் அங்கு வந்தார். பாரிசில் யூதர் வளைத்துப் பிடிக்கப்பட்டதைக் கண்டித்து உயர்பாடசாலை மாணவர்கள் அவர் கையிலே கடிதமொன்றைக் கொடுத்தனர். தம்மிடையே யூதருளர், அவர்களை ஒப்படைக்கமாட்டோம் என்று ஒளிவுமறைவின்றி அதில் எழுதியிருந்தனர். சில நாட்களிற் பொலிசார் பஸ் வண்டிகளுடன் வந்து பெயர்ப்பட்டியல் கேட்டனர். துரொக்மே மறுத்தார். அகதிகள் பண்ணை வீடுகளில் மறைக்கப்பட்டனர்.

பொய்யுரைத்தல் பாவமென நம்பிய அம்மக்களிடையேதான் பொய்ப்பெயரில் அடையாள அட்டைகள் தயாராகின. இதனைச் சிலர் முரண்பாடென்பர். பிள்ளையொன்றைக் கொலைஞரிடம் ஒப்படைத்துக் காக்கப்படும் வாய்மை யாருக்கு வேண்டும்? போதகரின் உறவினரான ஆசிரியர் தானியேல் துரொக்மே 1943இல் மாணவர்களுடன் கைதாகி, மறு ஆண்டு மைதானெக் முகாமில் மாண்டார்.

இவ்வரலாற்றை வகுப்பிற் கூறினோம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தமையை மாணவர் அறிவர். துப்பாக்கிக்கு முன் அயலவர் என்ன செய்திருக்க முடியும் என்பதே நம் மூத்தோர் கூறும் விடை. அது பொய்யன்று. ஆனால் பின்வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, "அன்று யாராவது நம் வீட்டுக் கதவைத் தட்டினார்களா, ஐயா?" என்று கேட்டான்.

நமக்குத் தெரியவில்லை. நம் வீட்டிலும் அதுபற்றி எவரும் பேசியதில்லை.