பதினெட்டாவது பிறந்த நாள்

அமெரிக்க சாரணர் இயக்கத்தில் பெரும்பாலான குழுக்களுக்கு இடமும் ஆளும் கொடுத்து நடத்தியவை சர்ச்சுகள். அதனால், 'ஓரின ஈர்ப்பு உள்ள பையனைச் சேர்க்கலாமா?' என்ற கேள்வி வந்ததும் சண்டை சர்ச்சுக்குள்ளும் புகுந்துவிட்டது.

2013 மே மாதம், 'ஈர்ப்பை மட்டும் காரணம் காட்டி எந்தப் பையனையும் தடுக்கக் கூடாது' என்று இயக்கம் முடிவெடுத்தது. மார்மன் சர்ச் ஏற்றுக்கொண்டது. ஈர்ப்பு வேறு, நடத்தை வேறு என்பது அவர்கள் கணக்கு. சதர்ன் பாப்டிஸ்ட் சபையோ அடுத்த மாதமே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இத்தனைக்கும், எது பாவம் என்பதில் இரண்டு பேருக்கும் பெரிய தகராறு கிடையாது!

பெரியவர்களுக்கான தடை மட்டும் அப்படியே இருந்தது. பதினேழு வயதில் நல்ல சாரணன். பதினெட்டு முடிந்த மறுநாள் தம்பிகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தரக்கூடத் தகுதியில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவனிடம் என்ன மாறிப்போச்சு? காலண்டர்தான். 2015 ஜூலையில் அந்தத் தடையும் போனது. சர்ச்சுகள் தங்கள் குழுவுக்கு விருப்பப்படி தலைவர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற சலுகையோடு. 2019 முடிவில் மார்மன் சர்ச் விலகிக்கொண்டது.

ஒரு சங்கம் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டும் 5-4 கணக்கில் சொன்னது. சரி, உரிமை இருக்கிறது. நியாயம்?

பிள்ளைகளைப் பத்திரமாக வளர்க்கணும் என்ற கவலை உண்மையானது. ஆனால், 2020-ல் திவால் மனு போட்ட அதே இயக்கத்தின் மேல் 80,000-க்கும் அதிகமானோர், சிறுவயதில் தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக முறையிட்டார்கள். 'அவன் யார்?' என்று வாசலில் விசாரித்த அளவுக்கு, 'இவர் என்ன செய்கிறார்?' என்று உள்ளே யாரும் விசாரிக்கவில்லை.

நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்?