அடிக்கிற கைதான் அணைக்குமா?



நமது காஞ்சியில் வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவர் மறைந்தால், முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். படத்துக்கு மாலை சாத்தி, ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசுவார்கள். மறைந்தவர் டிரில் மாஸ்டராக இருந்துவிட்டாலோ பேச்சு இலேசில் முடியாது. விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டது, பந்து வாங்கத் தம் கைப்பணத்தைப் போட்டது, வெளியூர்ப் பந்தயத்தில் தோற்றுத் திரும்பிய பிள்ளைகளுக்கு இட்லி வாங்கித் தந்தது, எல்லாம் வரும். கடைசியில் யாரேனும் ஒருவர், "அன்று அவர் பிரம்பால் கொடுத்த அடிதான் என்னை மனிதனாக்கிற்று" என்பார். சபை சிரிக்கும், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் தங்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன். அது மெய்தானா?

நன்றியுள்ள மனிதர் ஒருவரின் வாயிலிருந்து வரும் சொல்லை இப்படி ஆராயலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பிதாவையும் மாதாவையும் சங்கித்திருக்கச் சொல்லும் நான்காம் கற்பனையில் குருமாரும் உபாத்தியாயரும் அடங்குவர் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். ஆனால் பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனை இரங்கற் கூட்டத்துக்கு மாத்திரம் விலக்குத் தரவில்லையே!

நம் நாடறிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாம் 2015-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி ஷில்லாங்கில் மாணவர்முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர் நீத்தவர். தம் ஆசிரியர்களை அவரைப்போல் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தவர்கள் குறைவு. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தமக்குக் கணக்குச் சொல்லித் தந்த இராமகிருஷ்ண ஐயரைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு சம்பவம் சொல்லுகிறார். ஐயர் வேறொரு வகுப்பு நடத்துகையில், சிறுவன் கலாம் தவறுதலாக அந்த அறைக்குள் நுழைந்துவிட்டான். அவர் அவனைக் கழுத்தைப் பிடித்திழுத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்கள் கழித்துக் கணக்கில் அவன் முழு மதிப்பெண் வாங்கியபோது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அந்தச் சம்பவத்தை அவரே எடுத்துச் சொல்லி, தாம் அடித்த பிள்ளை பெரிய ஆளாவான் என்றும் இவன் பள்ளிக்குப் பெருமை தேடித் தருவான் என்றும் பாராட்டினார். அந்தப் பாராட்டு முன் பட்ட அவமானத்துக்கு ஈடாயிற்று என்று கலாம் எழுதுகிறார்.

கவனியுங்கள்: அவமானம் என்றே எழுதினார், ஆசீர்வாதம் என்று எழுதவில்லை. அறை மாறி நுழைந்ததற்குப் பட்ட அடியில் எந்தக் கணக்கு விளங்கியிருக்கும்? அவனுக்கு மருந்தானது அடியன்று. இத்தனை மாதமும் அந்தப் பையனை மறவாதிருந்த ஓர் ஆசிரியர், வகுப்பின்முன் பறித்த மானத்தைப் பள்ளி முழுவதின்முன் திருப்பிக் கொடுத்தாரே, அதுதான். அந்தப் பையன் முழு மதிப்பெண்ணுக்குப் பதில் முப்பது வாங்கியிருந்தால்? அந்தக் கதையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் யார் சொல்லியிருப்பார்? அடி மாத்திரம் அடியாகவே நின்றிருக்கும்.

நம் ஊருக்கு இது வெறும் வாதம் அல்ல. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார் நம் தெருக்களில் இருந்தார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார்கள். அடித்த கை அணைக்காமற்போனால் பையன் எங்கே போவான்? வேறு ஊரில் எப்படியோ, காஞ்சியில் அவனுக்காகத் தறி காத்திருந்தது. கோர்வைப் பட்டுக்கு உடலில் ஒரு நிறமும் கரையில் வேறொரு நிறமும் வேண்டியிருப்பதால், நெய்கிறவருக்கு மறுபக்கமிருந்து நாடா தள்ள இன்னொரு கை தேவை. அந்தக் கை பெரும்பாலும் சிறுகையாக இருந்தது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைத் தறியில் உட்கார்த்தியதை 2003-ம் ஆண்டில் வெளியான மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சிபுரத்தைப் பெயர் சொல்லியே விவரித்தது. வறுமையும் கடனுமே அதற்கு முதற்காரணம்; பிரம்பின்மேல் எல்லாப் பழியையும் போடுவது அநியாயம். ஆயினும் ஏற்கெனவே வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்ற பிள்ளையை வெளியே தள்ள ஒரு பிரம்படி போதுமாயிருந்தது.

அப்படிப் போனவர் இரங்கற் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே அடியைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் அதற்குத் தப்பிக் கரையேறியவர்கள். மூழ்கினவரின் சாட்சி கேட்கப்படவேயில்லை.

1841-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாள். தூரின் நகரில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் கோவிலில் ஜான் போஸ்கோ என்ற இளங்குரு பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்ற குற்றத்துக்காக, அங்கு வந்து நின்ற ஓர் ஏழைப் பையனைக் கோவிற்பிள்ளை கோலால் அடித்து விரட்டினார். பையன் ஓடிவிட்டான். "அவன் என் சிநேகிதன், கூப்பிடும்" என்றார் குரு. பர்த்தலோமேயு கரெல்லி என்ற அந்த அநாதைப் பையன், பதினாறு வயதுக் கொத்துவேலைக்காரன், நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தான். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. எழுத? தெரியாது. பாட? அதுவும் தெரியாது. சீட்டியடிக்கவாவது தெரியுமா என்றதும் பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் அர்ச். ஜான் போஸ்கோவின் பெருவேலை தொடங்கிற்று. அவருடைய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கே வந்துவிட்டார்கள்.

அவர் தம் பிள்ளைகளோடு மைதானத்தில் ஓடி விளையாடினவர். 1884-ல் உரோமையிலிருந்து எழுதிய நிருபத்தில், உபாத்திமார் இப்போது பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி நிற்கிறார்களே என்று மனம் நொந்தார். பிள்ளைகளை நேசித்தால் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்களே உணரவேண்டும் என்பது அவர் கருத்து. டிரில் மாஸ்டர்மேல் பழைய மாணவருக்குள்ள பிரியத்தின் இரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன். பிரம்பு மற்ற வாத்தியாரிடமும் இருந்தது. கூடவே ஓடியவர் அவர் ஒருவர்தானே!

கலாமையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தபின், விடுதியைக் கவனித்த சேசுசபை செக்குவேரா சுவாமியார் ஒவ்வொரு இரவும் வேதாகமத்தைக் கையிலேந்தி ஒவ்வொரு மாணவனையும் பார்த்துப் போவாராம். தீபாவளியன்று அறை அறையாக நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவாராம், பிள்ளைகளின் எண்ணெய்ஸ்நானத்துக்கு! அரை நூற்றாண்டு சென்றும் அந்த எண்ணெய் மறக்கவில்லை.

அப்படியானால் இறந்த ஆசிரியரின் குறையைக் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டுமா? குற்றப்பத்திரிகை வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் திருச்சபையின் வழக்கத்தை நினையுங்கள்: அப்போஸ்தலர்களின் தலைவரான அர்ச். இராயப்பர் மும்முறை மறுதலித்ததைப் பெரிய வெள்ளியன்று வருடந்தோறும் உரக்க வாசிக்கிறோம். அதனால் அவர்மேல் நமக்குள்ள பக்தி ஒரு மயிரிழையும் குறைந்ததா? 'அவர் என்னை அடித்தார், அது தவறு, ஆயினும் அவரை நேசிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளம் ஆசிரியர் பிரம்பைப் புகழக் கேளாமல் வீடு திரும்புவார். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் அடியையும் மனவேதனைப்படுத்துவதையும் தடுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட நம் கதைகள் அவர் காதில் அதிகம் விழுகின்றன.

நவம்பர் மாதத்தில் மரித்த ஆத்துமாக்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பீர்கள். தங்கள் ஆசிரியர் பெயரையும் எழுதுங்கள். எழுதினபின், அவர் வகுப்பில் தங்களோடு உட்கார்ந்து பாதியில் நின்றுபோன ஒருவர் பிள்ளையார்பாளையத்துத் தறியொன்றில் இன்னும் இருக்கக்கூடும். அவர் வீட்டுக்குப் போய், இன்ன தேதியில் வாத்தியாருக்குப் பூசை, நீங்களும் வாருங்கள் என்று சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொல்லுகிறாரோ அதை இடைமறிக்காமல் கேளுங்கள்.