வாங்காத வரி யாருக்குப் போகுது?

எங்கப்பா மோட்டார் சைக்கிள்லதான் வேலைக்குப் போறார். அவர் கட்டுற வரியில ஒரு துளி, மின்சாரக் கார் வாங்குற பணக்காரருக்குப் போகலாமா? வகுப்பு நண்பனோட இந்த வாக்குவாதம் இன்னும் முடியல.

"வரிவிலக்குதானே, காசை எடுத்தா குடுத்தாங்க?" என்பான். வாங்க வேண்டிய வரியை வாங்காம விட்டாலும் கஜானாவுக்கு அது செலவுதான். 2022 முதல் 2025 இறுதி வரை, முழுசா இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் கிடையாது. ஆனா 100,000 வெள்ளிக்குக் கீழே உள்ள காரை உள்ளே விடல. உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பாம். அப்போ சலுகை யாருக்குப் போயிருக்கும்?

நியாயமாப் பேசணும்னா, பெட்ரோல் மானியமும் பல வருஷம் இப்படித்தான். பெரிய டேங்க் வெச்சிருந்தவருக்கே அதிக லாபம். புகை விடாத வண்டிக்கு உதவுறது அதைவிட மோசமில்ல.

தொழிலுக்கு உதவுறதும் தப்பில்ல. ஆனா புரோட்டோன் கதை நமக்குத் தெரியும். 1985-ல் முதல் சாகா வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குக் கடுமையான வரி போட்டு அதைக் காப்பாத்தினோம். 2017-ல் 49.9 விழுக்காடு பங்கு சீனாவின் கீலிக்குப் போச்சு. நடை பழகுற பிள்ளைக்குக் கை குடுக்கலாம், எப்போ விடுவோம்னு முதல்லயே சொல்லிடணும்.

மின்சார மோட்டார் சைக்கிளுக்கு 2,400 வெள்ளி கழிவு அறிவிச்சாங்க, ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேல போகாதவங்களுக்கு. இதுதான் சரியான கை. அப்பாகிட்ட சொன்னேன். "நாலாவது மாடியில இருக்கோம்யா, சார்ஜ் எங்க போடுறது?"ன்னார்.