ஒன்றும் ஆகவில்லையே, சாமி!

தருமபுரிப் பக்கத்துப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்குத் தொப்பூர் கணவாய் அந்நியமான இடமன்று. சேலத்தில் ஒரு கூட்டம் என்றாலும், அங்குள்ள மருத்துவமனையில் படுத்திருக்கும் பங்கு மக்களில் ஒருவரைக் காண்பதென்றாலும் அதில் இறங்கித்தான் செல்ல வேண்டும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, முன்பு நாம் 7ஆம் எண் என்று அறிந்திருந்த அதே சாலை, தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கிச் செல்லுகையில் இங்கே மலைகளுக்கிடையே வளைந்து சரிகிறது. பேருந்தில் செபமாலை சொல்லிக்கொண்டு வரும் முதியவர்கள் இவ்விடத்தில் குரலைச் சற்று உயர்த்துவதைக் கவனித்திருக்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில், நெரிசலில் நின்றிருந்த வாகனங்களின்மீது சிமெண்டு ஏற்றி வந்த லாரியொன்று மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் மீண்டும் நால்வர். இவை இரண்டும் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதியவை. ஒரு சிறு பத்தியில் அடங்கிப்போனவை இன்னும் பல.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தாம் புதிதாக ஓட்டத் தொடங்கிய வண்டியை மந்திரித்துத் தரும்படி கோயில் முற்றத்திற்குக் கொண்டுவந்தார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடிக்கும் வேளையில் வண்டிக்கு அடியிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று காற்று சீறியது. நான் திடுக்கிட்டு ஒதுங்கியதைக் கண்டு அவர் சிரித்துவிட்டார்.

“பயப்படாதீங்க சாமி. ஹேண்ட் பிரேக் போட்டேன். காத்து வெளிய போகுது.”

“காத்து போயிட்டா பிரேக் எப்படித் தம்பி பிடிக்கும்?” என்று கேட்டேன். காற்று பிரேக் என்றால் காற்றின் அழுத்தம்தான் சக்கரத்தை நிறுத்துகிறது என்பது என் எண்ணம்.

“காத்து போனாத்தான் சாமி பிடிக்கும்.”

அவர் குனிந்து காட்டினார். பின்சக்கரங்களுக்கு அருகே குடம் போன்ற இரும்புக் கூடு ஒன்று இருக்கிறது. அதனுள் மிக வலிய சுருள்வில். அது எந்நேரமும் பிரேக்கை அழுத்தவே முயன்றுகொண்டிருக்கிறது. கம்பிரசர் அழுத்தி டாங்கிகளில் நிரப்பும் காற்று அந்த வில்லைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில்தான் வண்டி நகரும். டாங்கியில் காற்று ஏழெட்டு பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தைப்போல் ஏழெட்டு மடங்கு அழுத்தத்தில் இருக்க வேண்டும். குழாய் கிழிந்தோ கசிந்தோ அது ஏறக்குறையப் பாதிக்கு இறங்கினால் வில் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஓட்டுநர் காலால் மிதிக்கும் பிரேக், காற்று இருக்கும்போது காற்றைக்கொண்டு இயங்குகிறது. காற்று இல்லாமற்போகும் நாளுக்கென்று வைக்கப்பட்டது இந்த வில்.

இந்த எண்ணம் இரயிலிலிருந்து வந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் முதலில் அமைத்த காற்று பிரேக், நான் நினைத்திருந்ததைப் போன்றதே. காற்று சென்றுதான் சக்கரத்தை நிறுத்தியது. குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் உள்ளவரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்த காற்று தானே பிரேக்கைப் போடும். இரயிலில் நாம் காணும் அபாயச் சங்கிலி செய்வதும் இவ்வளவே. குழாயின் காற்றை வெளியே விடுகிறது.

நல்லது என்று தெரிந்தும் அதை ஏற்க மனிதர் காலம் கடத்தினர். 1889 ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறுப் பள்ளிச் சிறுவர் சிறுமியரைக் கடற்கரைக்கு அழைத்துச்சென்ற இரயில் ஏற்றத்தில் நின்றுபோயிற்று. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் இழுத்துச் செல்ல முடிவு செய்தனர். அந்த இரயிலில் இருந்தது, இணைப்பைக் கழற்றினால் விட்டுவிடும் வகைப் பிரேக். பின்பாதியைத் தாங்கியவை ஒரு கைப்பிரேக்கும், சக்கரங்களுக்குக் கொடுத்த கற்களும்தாம். முன்பாதி இலேசாகப் பின்வாங்கி இடித்தது, கற்கள் நொறுங்கின, குழந்தைகள் நிறைந்த பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த இரயிலோடு மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, பயணி இரயில்களில் தானே பிடிக்கும் பிரேக் இருந்தாக வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் இயற்றியது. தொப்பூர்ச் சாலையோரத்தில் பழுதாகி நிற்கும் லாரிகளின் சக்கரத்தடியில் கல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்த வில்லை அமைத்தவர் தம் குழாய் ஒருநாள் கிழியும் என்பதை ஒத்துக்கொண்டவர். புனித தாமஸ் அக்குவினார் விவேகம் என்னும் நற்பண்பின் கூறுகளை எண்ணுமிடத்தில், முன்னறிதலோடும் சூழ்நிலையைக் கண்ணுறுவதோடும் எச்சரிக்கையையும் ஒரு கூறாக வைக்கிறார். குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தபோது, எச்சரிக்கை என்பது கோழைகளுக்கு ஆறுதலாகச் சேர்த்த சொல் என்று எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை.

நீராவியின் காலத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1679இல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், நம் அடுக்களைக் குக்கரின் மூதாதையான ஒரு பாத்திரத்தை இலண்டன் அறிஞர்களுக்குக் காட்டினார். அது வெடிக்காதிருக்க அவர் அமைத்ததே, எடை வைத்து அழுத்திய பாதுகாப்பு வால்வு. எடையைக் கூட்டினால் அழுத்தமும் கூடும் என்பதைக் கண்டுகொள்ள மனிதருக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஆகவேதான் 1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் இரயில் எஞ்சின்களுக்கு நடத்திய போட்டியில் ஒரு நிபந்தனை விதித்தனர்: எஞ்சினுக்கு இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வேண்டும், அவற்றில் ஒன்று ஓட்டுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அவர்கள் ஓட்டுநரைக் கெட்டவர் என்று கருதவில்லை. நேரமாகிறது, ஏற்றம் கடினமாயிருக்கிறது என்னும்போது எவருடைய கையும் எங்கே நீளும் என்று அறிந்திருந்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1831இல், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் ஓர் எஞ்சினின் வால்வு சீறுவது காதுக்குத் தொல்லையாக இருக்கிறதென்று அதை அடக்கிப் பிடித்தார் அடுப்பெரிப்பவர். கொதிகலன் வெடித்தது, அவர் பிழைக்கவில்லை. நாமும் அவரைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் இல்லை. குக்கரின் வால்வு உருகிப்போனால், சந்தையில் கிடைத்த ஏதோ ஒன்றைத் திருகிக்கொண்டு மாதக்கணக்கில் சமைக்கும் வீடுகளை நான் அறிவேன். அவ்வீடுகளில் சாப்பிட்டும் இருக்கிறேன்.

அன்று மந்திரிப்பு முடிந்தபின் காப்பி குடித்துக்கொண்டே அந்த ஓட்டுநர் ஒரு செய்தி சொன்னார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. அறைவீட்டுத் திண்ணையில் கேட்டது. அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன்.

முன்பு வேறொரு முதலாளியின் வண்டியை ஓசூர்ப் பக்கமிருந்து பாரத்தோடு மதுரைக்கு ஓட்டிச் சென்றபோது, இரவில் தருமபுரியைத் தாண்டியதும் வண்டி இழுத்துப் பிடித்து நின்றுவிட்டது. பின்சக்கரம் ஒன்றின் கூட்டில் இரப்பர்த் தகடு கிழிந்து காற்று கசிந்திருக்கிறது. வில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. வண்டியை ஓரங்கட்ட நேர்ந்தால் வில்லை இழுத்துக் கட்டுவதற்கென்று அந்தக் கூட்டிலேயே ஒரு நீண்ட போல்ட்டு உண்டு. அதைக்கொண்டு வில்லைக் கட்டி, காற்றுக் குழாய்க்கு ‘டம்மி’ போட்டு அடைத்துவிட்டால் வண்டி நகரும். அந்தச் சக்கரத்தில் மட்டும் அவசரத்துக்குப் பிடிக்கும் பிரேக் இல்லை. முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, காலையில் சரக்கு இறங்கியாக வேண்டும், எப்படியாவது வந்து சேர் என்பது பதில். அவரே ஸ்பானரை எடுத்தார். போல்ட்டை முறுக்கினார். தொப்பூரில் இறங்கினார்.

அந்தச் சரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் சிலர் அங்கே கியரை நியூட்ரலில் போட்டுவிடுவதுண்டு. அப்போது எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பதில்லை. முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. தேய்ந்து தேய்ந்து டிரம் காய்ந்து, லைனிங் பிடிப்பை இழக்கிறது. இதில் வில்லாலும் பயனில்லை. டாங்கியில் காற்று நிறைய இருக்கிறது, முள் சரியாகவே காட்டுகிறது. விலக்கி வைத்த வில்லே வந்து அழுத்தினாலும் அதே காய்ந்த டிரம்மைத்தான் அழுத்தும். எந்தக் காவலும் தான் எதிர்பார்த்த எதிரியை மட்டுமே தடுக்கும்.

நம் ஓட்டுநர் நியூட்ரலில் போடவில்லை. சிறு கியரில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, விடியலில் சரக்கைச் சேர்த்துவிட்டார்.

“ஒண்ணும் ஆகலையே சாமி! அது பாவமா?” என்றார்.

சாதாரணக் கேள்வியன்று. இரண்டு ஓட்டுநர்கள் ஒரே இரவில் ஒரே விதமாகப் போல்ட்டை முறுக்கிச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஊர் சேர்கிறார். மற்றவரின் முன்னால் ஒரு கார் நின்றுவிடுகிறது. முன்னவருக்கு மிஞ்சினால் அபராதம். பின்னவருக்குச் சிறையும், ஆயுள் முழுதும் தூங்காத இரவுகளும். இருவரின் கையும் மனமும் செய்தது ஒன்றே. வேறுபட்டதெல்லாம் அவர்கள் வசத்தில் இல்லாத அந்தக் கார். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? முறுக்கிய கையிலா, மோதலிலா?

இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எவரேனும் விழுந்து இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்க, என்பது அதன் பொருள். மோசே விழுந்தவனைப் பற்றிய வழக்கை விசாரிக்கவில்லை. எவரும் விழுவதற்கு முன்பே, வீடு கட்டும் நாளிலேயே சுவரைக் கேட்கிறார். சுவரில்லாத மாடியில் பத்தாண்டுகள் யாரும் விழவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர் பத்தாண்டுகள் சட்டத்தைக் கைக்கொண்டவர் ஆவாரா? நான் இதைச் சொன்னதும் அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“சரி சாமி. ஆனா நான் நிறுத்தியிருந்தா அந்த ரெண்டு நாள் பேட்டாவ யார் குடுப்பாங்க? வேலை இருக்குமா?”

இங்கேதான் என் தேர்ச்சி தடுமாறிற்று. வில் வண்டியை நிறுத்தும். நின்ற வண்டியின் நட்டம் யார் தலையில் என்பதை வில் தீர்மானிப்பதில்லை. அதை ஓட்டுநரின் தலையில் வைத்த முதலாளி, ஸ்பானரைத் தொடாமலே போல்ட்டை முறுக்கியவர் ஆகிறார்.

போபாலை எண்ணிப் பாருங்கள். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, 40 டன்னுக்கு மேற்பட்ட மெத்தில் ஐசோசயனேட்டு கொதித்தெழுந்தது. அழுத்தம் எல்லை மீறியதும் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. அது பழுதாகவில்லை, அமைத்தபடியே வேலை செய்தது. ஆனால் தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம் சில மாதங்களாகவே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. நஞ்சைக் கழுவும் கோபுரம் அன்று வந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. தொட்டி வெடிக்காமல் தப்பியது. ஆயிரக்கணக்கான மக்கள் தப்பவில்லை. வால்வுக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு காவலையும் ஒவ்வொரு நாளில் யாரோ ஒருவர், செலவு என்றோ பழுதுபார்ப்பு என்றோ காரணம் எழுதி விலக்கியிருந்தார். அந்த நாள்களில் ஒவ்வொன்றின் மாலையிலும் அவர்களும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் வீடு சென்றிருப்பார்கள்.

“பாவம்தான் தம்பி. ஆனா உன்னோடது மட்டும் இல்ல” என்றேன். பாதிப் பதில்தான். முழுப் பதில் என்றால் அந்த முதலாளியும் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சரக்குக்குக் காத்திருந்த வணிகரும், குறைந்த வாடகைக்கு வந்த பொருளை வாங்கிய நாமும்கூட.

“இன்னொரு தடவை அப்படி நின்னுச்சுன்னா என்ன செய்வே?” என்று கேட்டேன்.

வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியல சாமி. நிறுத்தணும்னுதான் இருக்கு” என்றார்.

பிறகு ஏறி எஞ்சினை முடுக்கினார். காற்று குறைவென்று பஸ்ஸர் விடாமல் கத்தியது. முள் மெல்ல மெல்ல ஏறிற்று. அது ஏறும்வரை வண்டி நகராது. அவர் ஸ்டியரிங்கின்மேல் கைவைத்தபடியும், நான் கீழே வெயிலில் நின்றபடியும் காத்திருந்தோம்.